அக்கா மகளின் ஆங்கிலமும் என் சிவப்புப் பேனாவும்

அக்கா மகள் ஏழாம் வகுப்பை முடித்திருந்தாள். எட்டாம் வகுப்பு தொடங்கப் பத்து வாரம் இருந்தது. "ஆங்கிலத்தில் இதுவரை படித்ததை எல்லாம் அவளோடு உட்கார்ந்து ஒரு முறை திரும்பப் பார்த்துவிடு. நீதான் எந்நேரமும் பிழை தேடிக்கொண்டே இருக்கிறாயே" என்று அக்கா பொறுப்பை என் தலையில் கட்டினாள். நான் மெய்ப்புப் பார்ப்பவன். பார்ப்பது தமிழ் மெய்ப்பு. ஆங்கிலத்தில் எனக்கு இருப்பது வேலைக்கு ஆகிற அளவு அறிவு, அவ்வளவுதான். அதைச் சொன்னேன். அக்கா காதில் வாங்கவில்லை.

முதல் மூன்று வாரம் வீண். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைப் படிப்பவர்களில் யாராவது அந்த மூன்று வாரத்தை மிச்சப்படுத்தலாம். தடிமனான பயிற்சிப் புத்தகம் ஒன்றை வாங்கி, முதல் பக்கத்திலிருந்து வரிசையாகத் தொடங்கினோம். பெயர்ச்சொல்லை வட்டமிடு, வினைச்சொல்லுக்கு அடிக்கோடு போடு, கோடிட்ட இடத்தை நிரப்பு. அவள் மளமளவென்று முடித்துத் தள்ளினாள். பத்துக்கு ஒன்பது, பத்துக்குப் பத்து. எனக்கும் பெருமையாக இருந்தது. நான்காம் வாரத் தொடக்கத்தில் எனக்கே அலுத்துப்போய், "புத்தகத்தை மூடு. அண்மையில் உனக்கு நடந்த ஏதாவது ஒன்றை ஒரு பக்கம் எழுது" என்றேன். மிதிவண்டிச் சாவி தொலைந்த கதையை எழுதிக் கொடுத்தாள். ஒரு பக்கம் முழுக்க ஒரே ஒரு முற்றுப்புள்ளி. அதுவும் கடைசியில், பக்கம் தீர்ந்துவிட்டதால் வைத்தது.

பயிற்சிப் புத்தகத்தில் முழு மதிப்பெண் வாங்கியவள்தான் இதையும் எழுதினாள். யோசித்துப் பார்த்தால் இதில் வியப்பில்லை. பக்கத்தின் தலையிலேயே 'காற்புள்ளி' என்று போட்டிருந்தால், கேள்வி எதைப் பற்றியது என்பதைப் புத்தகமே சொல்லிவிடுகிறது. வெற்றுத் தாளில் அப்படி யாரும் சொல்வதில்லை. எழுதுகிறவளேதான் இங்கே ஒரு முடிவு தேவைப்படுகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். பிறகு தேடிப் பார்த்ததில், இது என் கண்டுபிடிப்பு அல்ல என்று தெரிந்தது. 4 முதல் 12ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களின் எழுத்துப் பயிற்சி பற்றிய ஆய்வுகளை 2007இல் ஸ்டீவ் கிரகாமும் டோலரஸ் பெரினும் தொகுத்துப் பார்த்தார்கள். இலக்கணத்தைத் தனியாக எடுத்து நடத்துவது எழுத்தின் தரத்தை உயர்த்தவில்லை. சிறு வாக்கியங்களை இணைத்து எழுதும் பயிற்சி உயர்த்தியது என்பது அவர்கள் கண்டவற்றில் ஒன்று.

அந்தச் சாவிக் கதையை வைத்துக்கொண்டு நான் செய்தது இரண்டாவது தவறு. தொழில் புத்தி. சிவப்புப் பேனாவை எடுத்து மெய்ப்புத் திருத்துவதுபோலத் திருத்தினேன். முப்பத்தோரு இடம். தாளைப் பார்த்தவள் எதுவும் பேசவில்லை. அடுத்த ஒரு வாரம் எழுதச் சொன்னபோதெல்லாம் நான்கு வரிக்கு மேல் எழுதவில்லை. நான்கு வரி எழுதினால் பிழையும் நான்குதானே! அவள் கணக்கில் குறையில்லை.

அதன்பிறகு முறையை மாற்றினேன். திருத்துவதில்லை, வரியின் ஓரத்தில் பென்சிலால் எண் மட்டும் எழுதுவேன். '2' என்றால் அந்த வரியில் இரண்டு பிழை. எவை என்று அவள்தான் தேட வேண்டும். பாதிக்கு மேல் அவளே கண்டுபிடித்தாள். அப்படியானால் அவை தெரியாமல் செய்தவை அல்ல, பார்க்காமல் விட்டவை. மீதியில்தான் எனக்கு வேலை. தெரியாததையும் பார்க்காததையும் இப்படிப் பிரித்ததில் சுமை சட்டென்று குறைந்தது.

நடந்ததைச் சொல்வது, ஒன்றை விளக்குவது, ஒரு கருத்துக்காக வாதாடுவது என்று மூன்று வகையிலும் ஒவ்வொரு பக்கம் எழுத வைத்தேன். நடுநிலை வகுப்புகளின் எழுத்து வேலை பெரும்பாலும் இந்த மூன்றுக்குள் அடங்கிவிடுகிறது. அவளே கண்டுபிடித்தவை போக மிஞ்சிய பிழைகளை வகை பிரித்து எண்ணினேன். நூற்றுக்கணக்கான விதிகளைத் திரும்பப் படிக்க வேண்டியிருக்கும் என்று பயந்திருந்தவனுக்கு, ஐந்தே வகைதான் கிடைத்தன. அதிலும் பாதிக்கு மேல் ஒரே வகை: ஒரு வாக்கியம் முடிந்த இடத்தில் காற்புள்ளியை வைத்துவிட்டு அடுத்த வாக்கியத்துக்குத் தாவிவிடுவது.

'ஐ வென்ட் டு ஸ்கூல், மை கீ வாஸ் மிஸ்ஸிங், ஐ ஆஸ்க்டு மை ஃபிரெண்ட், ஹி செட் நோ.'

இதை இரண்டு நாள் முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் இவளுக்கு இது தவறாகவே படவில்லை? மூன்றாம் நாள் அலுவலகத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பொறி தட்டியது. "பள்ளிக்குப் போய், சாவியைத் தேடி, தோழனிடம் கேட்டு, கிடைக்காமல் திரும்பினேன்." தமிழில் இப்படி எத்தனை காற்புள்ளி வேண்டுமானாலும் போடலாம். போய், தேடி, கேட்டு, கிடைக்காமல் எல்லாமே எச்சங்கள். முற்று ஒன்றுதான், 'திரும்பினேன்'. அவள் காதில் ஓடிக்கொண்டிருந்தது இந்தத் தாளம். ஆனால் ஆங்கிலத்தில் அவள் எழுதிய வென்ட், வாஸ், ஆஸ்க்டு, செட் நான்குமே முற்று.

அன்று மாலை இரண்டையும் அருகருகே எழுதிக் காட்டி, எச்சம் எது, முற்று எது என்று மட்டும் கேட்டேன். தமிழில் சரியாகச் சொன்னாள். ஆங்கிலத்தில் நான்காவது வினைக்கு வந்ததும் நிறுத்திவிட்டு, "எல்லாமே முற்றாக இருக்கிறதே மாமா" என்றாள். "முற்று வந்தால்?" என்றேன். "முற்றுப்புள்ளி" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். அந்தப் பெயருக்குள் விடை ஒளிந்திருப்பதை, இத்தனை வருடம் அந்தத் தொழிலில் இருந்தும், நானும் அன்றுதான் கவனித்தேன்.

முற்றுப்புள்ளி வைக்கக் கற்றதும் எழுத்து துண்டு துண்டாகிவிட்டது. சாவி பழையது. அது சிவப்புக் கயிற்றில் இருந்தது. அது வாசல் அருகே விழுந்தது. பிழை இல்லை, ஆனால் மூன்றாம் வகுப்புப் பாடம்போல இருந்தது. இணைக்கும் பயிற்சியை இந்த இடத்தில்தான் கொண்டுவந்தேன். நாளுக்கு மூன்று அல்லது நான்கு சிறு வாக்கியங்கள் கொடுப்பேன். ஒரே வாக்கியமாக்க வேண்டும், 'அண்ட்' கூடாது, அவ்வளவுதான் விதி. முதலில் தமிழில் சொல்லிப் பார்ப்பாள்: "சிவப்புக் கயிற்றில் கட்டியிருந்த பழைய சாவி வாசல் அருகே விழுந்தது." பெயரெச்சம் தானாக வந்துவிடும். அதே வேலையை ஆங்கிலத்தில் 'விச்' செய்கிறது, ஆனால் பெயருக்குப் பின்னால் நின்று செய்கிறது: 'தி ஓல்டு கீ, விச் வாஸ் ஆன் எ ரெட் ஸ்ட்ரிங், ஃபெல் நியர் தி கேட்.' பத்து நிமிடப் பயிற்சிதான். பத்து வாரத்தில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் நான் இதைத்தான் வைத்துக்கொள்வேன்.

இதிலிருந்து இன்னொரு பழக்கமும் வந்தது. சந்தேகம் வந்தால் தமிழில் போட்டுப் பார்ப்பது. பிள்ளைகள் ஆங்கிலத்தை ஆங்கிலத்திலேயே யோசிக்க வேண்டும், தாய்மொழியை உள்ளே விடக்கூடாது என்று சொல்பவர்கள் உண்டு. பேசும்போது அது சரியாக இருக்கலாம். திருத்தும்போது, நன்றாகத் தெரிந்த இன்னொரு இலக்கணம் கையில் இருப்பது இலவசமாகக் கிடைத்த அளவுகோல். அதை ஏன் மூலையில் போட வேண்டும்?

'தி பாக்ஸ் ஆஃப் புக்ஸ் ஆர் ஹெவி' என்று எழுதியிருந்தாள். 'புக்ஸ்' பக்கத்தில் இருப்பதால் 'ஆர்' என்று கை போய்விட்டது. "தமிழில் சொல்." "புத்தகங்கள் நிறைந்த பெட்டி கனமாக இருக்கிறது." எது கனம்? பெட்டி. தமிழில் அடைமொழி எல்லாம் முன்னால் போய்விடுவதால், எழுவாய் பெரும்பாலும் பயனிலைப் பக்கமாக வந்து நிற்கும். ஆங்கிலத்தில் எழுவாய் முன்னாலேயே நின்றுவிட, அடைமொழி அதற்கும் வினைக்கும் நடுவில் புகுந்துகொள்கிறது. வாக்கியம் நீண்டால் பெரியவர்களும் இடறும் இடம் இது.

'வாக்கிங் டு ஸ்கூல், தி ரெயின் ஸ்டார்டட்' என்பதும் அப்படித்தான். "பள்ளிக்கு நடந்துகொண்டே மழை தொடங்கியது" என்று தமிழில் சொன்னவுடன் அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மழை பள்ளிக்குப் போகிறதா? "நான் நடந்துகொண்டிருந்தபோது" என்று சரிசெய்தாள். ஆங்கிலத்திலும் 'வைல் ஐ வாஸ்' வந்து உட்கார்ந்தது. 'ஆல்தோ' போட்ட வாக்கியத்தில் 'பட்' என்று இன்னொன்றையும் சேர்க்கும் பழக்கமும் இதே மருந்தில் போயிற்று. "மழை பெய்தாலும் ஆனால் போனோம்" என்று யாரும் சொல்வதில்லையே.

'எ', 'தி' இரண்டும்தான் படுத்தின. தமிழில் 'தி' கிடையாது. ஆனால் ஒரு சின்ன வழி உண்டு. "புத்தகம் வாங்கினேன்" என்பதற்கும் "புத்தகத்தை வாங்கினேன்" என்பதற்கும் உள்ள வேறுபாட்டை அவளிடம் கேட்டேன். கொஞ்சம் யோசித்து, "இரண்டாவதில் எந்தப் புத்தகம் என்று முன்பே தெரியும்" என்றாள். அந்த 'ஐ' உருபு வருகிற இடத்தில் பெரும்பாலும் 'தி' வரும். செயப்படுபொருளுக்கு மட்டும்தான் இது உதவும், மற்ற இடங்களில் "எது?" என்று கேட்டுப் பார்க்கச் சொன்னேன். முழுத் தீர்வு இல்லை. பத்து வாரம் முடிந்தும் இந்த வகைப் பிழை பாதிதான் குறைந்தது.

எழுத்திலிருந்து வாசிப்புக்கு வருகிறேன். கதைப்பகுதிகளைப் படித்து விடையளிப்பதில் அவளுக்குச் சிக்கல் இல்லை என்றுதான் அக்கா சொல்லியிருந்தாள். நானே அரைப்பக்கக் கதை ஒன்றை எழுதிக் கொடுத்தேன். மழையில் நனைந்தபடி ஒரு பையன் வீட்டுக்கு வருகிறான். "கடிதம் வந்ததா?" என்று அம்மா கேட்கிறாள். "எந்தக் கடிதம்?" என்று கேட்டுவிட்டு அறைக்குள் போய், ஓர் உறையைத் தலையணைக்கு அடியில் வைக்கிறான். பிறகு ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி தலையைத் துவட்டிக்கொள்கிறான். கேள்வி ஒன்றுதான்: பையனின் மனநிலை என்ன?

"சோகம்" என்று எழுதினாள்.

"எந்த வரி சொல்கிறது?"

சற்று நேரம் தேடினாள். பிறகு முதல் வரியைக் காட்டினாள். "மழை பெய்கிறதே."

சிரிக்கத் தோன்றினாலும் சிரிக்கவில்லை. அவள் செய்ததற்குக் காரணம் இருக்கிறது. மழைக்கும் சோகத்துக்கும் முடிச்சுப் போட்டுப் பார்த்தே பழகியிருக்கிறாள். இயற்கையாக நிகழ்வதன்மேல் கவிஞன் தன் குறிப்பை ஏற்றினால் அது தற்குறிப்பேற்ற அணி. இங்கே வாசகி ஏற்றிவிட்டாள். கதையில் இருந்தது மறைப்பு. அம்மாவிடம் கேள்வியாலேயே நழுவியது, உறையை ஒளித்தது, பாட்டு முணுமுணுத்தது மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் அது தெரியும். அதற்குப் பிறகு எந்தக் கேள்விக்கும் விடையோடு வரி எண்ணும் எழுத வேண்டும் என்றாயிற்று. வரி எண் கிடைக்காத விடை ஊகம்தான், அனுமானம் இல்லை. பிறகு மூன்றாவது ஒன்றையும் சேர்த்தேன்: அந்த வரி எப்படி இந்த விடையைக் காட்டுகிறது? பெரும்பாலான பிள்ளைகள் கருத்தையும் மேற்கோளையும் எழுதிவிட்டு இதை விட்டுவிடுவார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்தாலே தொடர்பு தெரிந்துவிடும் என்ற நம்பிக்கை. வாதாடும் கட்டுரையிலும் அவளுக்கு இதே இடத்தில்தான் ஓட்டை இருந்தது. ஆகவே வாசிப்பையும் எழுத்தையும் அதற்குமேல் தனித்தனியாக நடத்தவில்லை.

மையக்கருத்து பற்றி ஒரே வரியில் சொல்லிவிடலாம். தலைப்பைச் சொல் என்றால் ஒரு சொல் போதும், மையக்கருத்தைச் சொல் என்றால் முழு வாக்கியம் வேண்டும். 'நட்பு' மையக்கருத்து அல்ல. நட்பைப் பற்றிக் கதை என்ன சொல்கிறது என்பதுதான் மையக்கருத்து. உவமை, உருவகத்துக்கு நேரமே செலவிடவில்லை. மதிமுகம் உவமை, முகமதி உருவகம் என்று தமிழ் வகுப்பில் ஏற்கெனவே படித்திருந்தாள். 'லைக்', 'ஆஸ்' இரண்டும் நம்முடைய 'போல' என்றதும் கால் மணி நேரத்தில் முடிந்தது.

ஒருநாள் பாய்மரக் கப்பல் பற்றிய பகுதியில் பத்துக்கு மூன்று வாங்கினாள். முந்தைய நாள் பறவைகளின் வலசை பற்றிய பகுதியில் ஒன்பது. ஒரே நாளில் வாசிப்புத் திறன் இறங்கிவிடுமா? 1988இல் டோனா ரெக்ட், லாரன் லெஸ்லி இருவரும் 7, 8ஆம் வகுப்பு மாணவர்கள் 64 பேருக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தின் வர்ணனையைக் கொடுத்துப் பார்த்தார்கள். வாசிப்பில் பின்தங்கியவர்கள், ஆனால் அந்த ஆட்டம் தெரிந்தவர்கள். நன்றாக வாசிப்பவர்கள், ஆனால் ஆட்டம் தெரியாதவர்கள். முதல் வகையினரே அதிகம் புரிந்துகொண்டார்கள். ஆகவே அந்த மூன்று மதிப்பெண்ணுக்காக நான் எந்தப் பயிற்சியும் கொடுக்கவில்லை. பாய்மரம் காற்றை எப்படிப் பிடிக்கிறது என்று படம் போட்டு இருபது நிமிடம் பேசினோம். மறுநாள் அதே பகுதியில் எட்டு. குறைந்த மதிப்பெண்ணைப் பார்த்ததும் 'வாசிப்பில் வீக்' என்று முத்திரை குத்துவதற்கு முன், அது எதைப் பற்றிய பகுதி என்று ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது.

சொற்களுக்குப் பட்டியல் மனப்பாடம் வேண்டாம் என்று முடிவு செய்திருந்தேன். முன்னொட்டுகளில் தொடங்கினோம். பள்ளிப் பாடநூல்களில் முன்னொட்டோடு வரும் ஆங்கிலச் சொற்களில் 58 சதவீதம் நான்கே முன்னொட்டுகளில் அடங்கிவிடுவதாக 1989இல் வெளியான ஒரு கணக்கு இருக்கிறது: அன், ரி, இன் (அதன் இம், இர், இல் வடிவங்களோடு), டிஸ். நான்கைத் தெரிந்துகொண்டால் பாதிக்கு மேல் என்றால் லாபம்தானே. ஆனால் இதிலும் பள்ளம் உண்டு. 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாதது என்று எழுதினாள். மதிப்பிட முடியாத அளவு உயர்ந்தது என்பதுதான் பொருள். இன்னொரு நாள், "'அங்கிள்' என்று எழுதும்போதும் முதலில் 'அன்' வருகிறதே மாமா, அப்படியானால் நீங்கள் எது இல்லாதவர்?" என்று கேட்டாள். பொறுமை இல்லாதவர் என்று அக்கா அடுத்த அறையிலிருந்து பதில் சொன்னாள். ஒட்டை எடுத்துவிட்டால் மீதி ஒரு சொல்லாக நிற்கிறதா, பொருள் அந்த வாக்கியத்தில் பொருந்துகிறதா என்ற இரண்டு சோதனைகள் அன்று நோட்டில் ஏறின.

கடைசியாகத் திரும்பப் பார்க்கும் முறை. முதல் மூன்று வாரத்தில் நாங்கள் செய்தது, ஒரு பாடத்தை ஒரே நாளில் முடித்து மூடிவிடுவது. பிறகு ஒரு சிறு நோட்டு போட்டேன். ஒவ்வொரு பிழை வகைக்கும் ஒரு கேள்வி, பக்கத்தில் தேதி. சரியாகச் சொன்னால் அடுத்த தேதி மூன்று நாள் தள்ளி, அடுத்து ஒரு வாரம், அடுத்து மூன்று வாரம். தவறினால் மறுநாளே மீண்டும். புத்தகத்தைத் திறந்து படிக்கக் கூடாது, நினைவிலிருந்து எழுத வேண்டும். 2006இல் ரோடிகரும் கார்பிக்கேயும் செய்த சோதனையில், ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தங்களைத் தாங்களே சோதித்துக்கொண்டவர்கள் முந்தினார்கள். அந்த ஐந்து நிமிடம்தான் நம்மை ஏமாற்றுகிறது. எங்கள் மூன்று வாரப் பத்துக்குப் பத்தும் அந்த வகைதான்.

எழுதியதை அன்றே திருத்தவும் விடவில்லை. ஒருநாள் ஆறப்போட்டுப் பிறகு வாய்விட்டுப் படிக்கச் சொல்வேன். ஒவ்வொரு முறையும் ஒரு வகைப் பிழையை மட்டும் தேட வேண்டும். எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் பிடிக்கப் பார்த்தால் எதுவும் பிடிபடாது என்பது மெய்ப்புப் பார்க்கும் யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அவளிடம் சொல்லத்தான் ஆறு வாரம் ஆயிற்று. பேசுவதும் கேட்பதும் பாடத்திட்டத்தில் இருந்தும் நாங்கள் தொடவே இல்லை. எழுத்துக்கூட்டலை எட்டாம் வகுப்பு ஆசிரியரிடம் விட்டுவிட்டேன்.

பள்ளி தொடங்கி ஐந்து வாரம் கழித்துப் போயிருந்தேன். முன்னறிவிப்பில்லாமல் பெட்டியும் புத்தகங்களும் வாக்கியத்தைக் கேட்டேன். சட்டென்று 'இஸ்' என்றாள். அடுத்து, 'நெய்தர் ஆஃப் தி பாய்ஸ்' என்று தொடங்கி, 'ஹேஸ் கம்' என்றா 'ஹேவ் கம்' என்றா முடிப்பாய் என்று கேட்டேன். 'ஹேவ்' என்றாள். பழக்கப்படி, "தமிழில் போட்டுப் பார்" என்றேன்.

"இரண்டு பையன்களில் ஒருவனும் வரவில்லை" என்றாள். பிறகு, "மாமா, 'வரவில்லை' என்பதில் ஒருமையா பன்மையா என்றே தெரியவில்லையே. ஒருவனும் வரவில்லை, அவர்களும் வரவில்லை, நானும் வரவில்லை. எல்லாவற்றுக்கும் ஒரே 'வரவில்லை'தானே?" என்றாள்.

உண்மைதான். அங்கே தமிழ் கை கொடுக்காது. 'நெய்தர்' ஒருமை என்று நோட்டில் எழுதி, பக்கத்தில் மறுநாள் தேதியைப் போட்டோம்.